கசெற்றுக்குள் இருந்த தீவு

கனிசியஸ் மீனவர் ஊரான குருநகரில் பிறந்தும் கடலுக்குப் போகமுடியாமல் போனவன். தகப்பன் சூசைதாசன், பெரியப்பன்மார், தமையன் என்று வீட்டில் எல்லாருமே தொழிலுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வயதில் அவனையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். கரை கண்ணுக்கு மறைய முன்னமே தின்றதெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கியவன், திரும்பி வந்து இறங்கும்வரை வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தான். பழகப் பழகச் சரிவரும் என்றார்கள். சரிவரவில்லை. வலையை இழுக்க ஆள் போதாமல் மற்றவர்கள் படும் பாட்டை இவன் படுத்திருந்து பார்த்த ஒருநாள், கரைக்கு வந்ததும் சூசைதாசன் மூத்தவனைப் பார்த்துச் சொன்னார்:

"உவன் தரையிலை ஏதும் செய்து பிழைக்கட்டும்."

ஏசியிருந்தால்கூட மறந்திருப்பான். ஏசாமல், ஒரு இரக்கத்தோடு, தன்னைப் பார்க்காமல் சொன்ன அந்த 'உவன்' அவனுக்குள் முள்ளுப் போலக் குத்திக்கொண்டே இருந்தது.

தரையில் அவனுக்குக் கைகொடுத்தது ஈயம் ஒட்டுகிற வேலை. போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வராமல் இருந்த காலத்தில், சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்துச் செய்தி கேட்ட பிள்ளைகளில் அவனும் ஒருத்தன். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பில் முறையாகப் பழகினான். இப்போது குருநகரில் ஒரு சின்னக் கடை. போன், காற்றாடி, சோறு அவிக்கிற குக்கர் எல்லாம் திருத்துவான். எல்லாவற்றையும் விட அவனுக்குப் பெருமை, வள்ளக்காரர் கொண்டுவருகிற ஜிபிஎஸ் கருவிகள்தான். கடலில் வழி காட்டுகிற சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒருகாலத்தில் அவன் சத்தி எடுத்ததைப் பார்த்துச் சிரித்தவர்களே, "கனிசியஸ், உதை ஒருக்காப் பாரடா தம்பி" என்று மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவனுடைய முதுகு தானாக நிமிரும்.

அந்த நிமிர்வில் ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அவனால் முடியாமல் போய்விட்டது.

றொசாந்தி அந்தக் கேம் கசெற்றைக் கொண்டுவந்த காலைநேரமும் அப்படித்தான். அவள் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிறவள். முன்பள்ளி ஆசிரியை. தகப்பனும் இல்லாமல், தாய் மக்டலீனோடு தனியாக இருக்கிறாள். பிள்ளைகளின் படக்கொப்பிகள் நிறைந்த பைக்குள்ளிருந்து ஒரு துவாய்ப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தாள். கையில் வைத்து விளையாடுகிற பழைய சாம்பல் நிற கேம் ஒன்றும், அதன் முதுகில் செருகுகிற கசெற் ஒன்றும் இருந்தன.

"தம்பின்ரை, அண்ணை," என்றாள்.

கனிசியஸுக்குத் தெரியும். லக்சன். போர் திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியிருந்த காலத்தில் காய்ச்சலில் போன பிள்ளை. அதற்கு முந்திய சமாதான காலத்தில் பிரான்சிலிருந்து வந்த மாமன் அவனுக்கு இந்தக் கேமைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"உதுக்குள்ளை அவன் விளையாடி சேவ் பண்ணி வைச்சது இன்னும் இருக்கு. ஒவ்வொரு வருசமும் அவன்ரை திவசத்துக்கு நானும் அம்மாவும் போட்டுப் பாப்பம். அவன்ரை பேர் வரும். பிறகு கட்டிலிலை இருந்து எழும்பி நிப்பான். அவ்வளவுதான். ஒரு பட்டனும் அமத்தமாட்டம். ஏதும் மாறிப் போயிடும் எண்டு பயம். உடனை நிப்பாட்டிப் போடுவம்."

"இப்ப என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை. மாமா சொல்லுறார், கசெற்றுக்குள்ளை ஒரு சின்னப் பற்றறி இருக்காம். அது செத்தா எல்லாம் அழிஞ்சிடுமாம். இவ்வளவு காலம் நிண்டதே பெரிய காரியமாம். மாத்தச் சொன்னவர். ஆனா மாத்தேக்கையும் அழியலாமாம், தெரிஞ்ச ஆளிட்டைக் குடு எண்டவர்."

கனிசியஸ் சிரித்தான். "பிரான்சிலை இருக்கிற ஆக்களுக்கு எல்லாத்துக்கும் பயம். மெமரி வேறை, பற்றறி வேறை தங்கச்சி. போனுக்குப் பற்றறி மாத்தினா போட்டோ அழியுதோ?"

"இல்லைத்தான்…" அவள் தயங்கினாள். "எண்டாலும் நெற்றிலை ஒருக்காப் பாத்திட்டுச் செய்யுங்கோவன் அண்ணை."

அந்தச் சொல் அவனைக் கொஞ்சம் சுட்டது. "உதுக்கெல்லாம் நெற் பாக்கத் தேவையில்லை. நீர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வாரும். வரேக்கை சாமான் ரெடியா இருக்கும்."

அவள் போனபிறகு கேமுக்குப் பென்ரோச் பற்றறி போட்டு ஒருமுறை இயக்கிப் பார்த்தான். LUXAN என்ற பெயர் வந்தது. அமத்தினான். ஒரு சின்ன அறை. கட்டில், மேசை, சுவரில் நாட்காட்டி. மூன்றாம் வருசம், இலையுதிர் காலம் என்று அதில் இருந்தது. கட்டிலடியில் தொப்பி போட்ட ஒரு குட்டிப் பையன் எழும்பி நின்றான். எல்லாம் சரி என்று நிற்பாட்டிவிட்டு, கசெற்றின் திருகாணியைக் கழற்றித் திறந்தான். நாணயம் போல ஒரு பற்றறி, இரண்டு தகட்டுக் கால்களால் ஒட்டப்பட்டிருந்தது. சூடு காட்டி, ஈயத்தை உருக்கி, ஒரு காலை விடுவித்தான், பிறகு மற்றதை. புதியதை ஒட்டினான். ஒட்டு வெள்ளிமணி போல வடிவாக விழுந்தது. தன் வேலையைத் தானே ஒருமுறை இரசித்தான்.

கேமில் செருகி இயக்கினான். பெயர் வரவில்லை. புதிதாகத் தொடங்கு என்ற ஒரு வரி மட்டும் வந்தது.

நிற்பாட்டித் திரும்பப் போட்டான். கசெற்றின் பல்லுகளைத் துடைத்துப் போட்டான். பழைய பற்றறியைத் திரும்ப ஒட்டிப் பார்த்தான். அதே வரி. அதற்குப் பிறகுதான் போனை எடுத்து நெற்றில் தேடினான். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொடியன் வீடியோவில் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: இந்தப் பழைய கசெற்றுகளில் சேவ் பண்ணியதை உயிரோடு வைத்திருப்பதே அந்தப் பற்றறிதான். கழற்றிய கணமே போய்விடும். அதனால் கழற்ற முன்னம், பக்கத்தில் இன்னொரு பற்றறியை வயரால் இணைத்துவிட வேண்டும்.

இரண்டு வயர். பக்கத்தில் ஒரு பற்றறி. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட பிள்ளைக்கு அது ஒரு வேலையே இல்லை. பழைய பற்றறியை மீற்றரில் வைத்துப் பார்த்தான். அதில் இன்னும் உயிர் இருந்தது. இவன் கை வைக்காமல் விட்டிருந்தால் இன்னும் சில வருசங்கள் லக்சன் கட்டிலால் எழும்பி நின்றிருப்பான்.

மத்தியானம் றொசாந்தி வந்தபோது சொல்லத்தான் நினைத்தான். வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் அவள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த விதம், ஏதோ கோவிலுக்குள் வருகிறவள் மாதிரி, அவன் நாக்கைக் கட்டிப்போட்டது.

"உதுக்கு ஏத்த பற்றறி என்னட்டை இல்லை, தங்கச்சி. கொழும்பாலை வரவேணும். கொஞ்சம் சுணங்கும்."

"பரவாயில்லை அண்ணை. அவசரம் இல்லை. கவனமா இருந்தாக் காணும்."

அவள் போனபிறகு, கடையின் பின்பக்கம் போய்க் குந்தியிருந்தான். வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தபோது வந்த அதே குமட்டல்.

எப்போது அந்த யோசனை வந்தது என்று அவனுக்கே தெரியாது. முதலில், விளையாட்டு எப்படிப்பட்டது என்று பார்க்கத்தான் தொடங்கினான். ஒரு வெறுந்தீவு. அதில் ஒரு பையன் வந்து இறங்குவான். நிலத்தைக் கொத்தி, விதைத்து, மாடு வளர்த்து, மீன் பிடித்து, வீடு கட்டுவான். பொழுது சாய்ந்ததும் கட்டிலில் படுத்தால் சேவ் ஆகும். பெயர் கேட்ட இடத்தில் கனிசியஸ் LUXAN என்று அடித்தான். அடித்துவிட்டு, தான் என்ன செய்யத் தொடங்கியிருக்கிறான் என்று விளங்கிய பிறகும் நிற்பாட்டவில்லை. மூன்றாம் வருசத்து இலையுதிர் காலம்வரை கொண்டுபோய் விட்டால், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவராது. அவளுக்கும் நோவில்லை, தனக்கும் நோவில்லை என்று மனதைச் சமாளித்தான்.

ஆனால் தீவு எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாதே. அவன் கண்டது ஒரு அறையை மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் றொசாந்தி தூக்குச்சட்டியோடு வந்தாள். "அம்மா கூழ் காய்ச்சினவ. கனிசியஸ் தம்பிக்குக் குடுத்திட்டு வா எண்டா." மக்டலீன் பனங்கிழங்கு ஒடியல் மாவில் காய்ச்சுகிற கூழுக்குக் குருநகரில் ஒரு பேர் இருந்தது. நண்டும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அனுப்பியிருந்தாள். கனிசியஸ் றொசாந்திக்குக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இரும் தங்கச்சி. ஒரு விசயம் கேக்கவேணும். மாத்தி முடிஞ்ச பிறகு எல்லாம் சரியா இருக்கோ எண்டு பாக்கவேணும் எல்லோ. லக்சன் உதுக்குள்ளை என்னென்ன செய்து வைச்சிருந்தவன்? ஞாபகம் இருக்கோ?"

அவள் முகம் விரிந்தது. இப்படி ஒருவர் கேட்பாரா என்று இவ்வளவு காலமும் காத்திருந்தவள் போல இருந்தாள்.

"ஞாபகம் இல்லாமலோ! நான் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டே இருப்பன். வீட்டை வடக்குப் பக்கம், கடற்கரையோடை கட்டினவன். அப்பா வாற வள்ளத்தைப் பாக்கவேணுமாம். நாய்க்கு ஜிம்மி எண்டு பேர். எங்கடை நாயின்ரை பேர். அது கடலுக்கை போயிடும் எண்டு சுத்திவர வேலி அடைச்சு வைச்சிருந்தான். மாட்டுக்கு அம்மான்ரை பேர். மக்டா." அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அம்மா கேட்டிட்டு அகப்பைக் காம்போடை கலைச்சவ. மாட்டுக்கு வைக்க வேறை பேர் கிடைக்கேல்லையோ எண்டு."

கனிசியஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் மனதுக்குள் அடுக்கினான். வடக்கு. ஜிம்மி. வேலி. மக்டா.

"மீன் பிடிப்பான், ஆனா விக்கமாட்டான். திரும்ப விட்டிடுவான். பாவமாம். அப்பா சொல்லுவார், வள்ளம் வைச்சு நடத்த நல்ல சம்மாட்டி வந்து பிறந்திருக்கிறான் எண்டு." அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோற அண்டைக்குக் காலமை, காய்ச்சல் கொதிக்குது, எழும்பிக் கேமை எடுக்கிறான். நான் பறிச்சுப்போட்டன். 'அக்கா, அவனைப் படுக்க வைச்சிட்டு வாறன், இல்லாட்டி சேவ் ஆகாது' எண்டான். சரி எண்டு குடுத்தன். படுக்க வைச்சிட்டுத்தான் வந்தவன். இதை நான் அம்மாவுக்கும் சொன்னதில்லை அண்ணை. ஏனோ தெரியேல்லை."

கூழின் உறைப்பில் கண்ணீர் வருவது வழக்கம். கனிசியஸ் குனிந்து குடித்தபடியே இருந்தான். தன்னை நம்பி அவள் திறந்து வைத்ததை எல்லாம் தான் களவெடுத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒவ்வொரு வாய்க்கும் பட்டது. ஆனாலும் இன்னுமொரு கேள்வி கேட்டான். "தோட்டத்திலை என்ன நட்டவன்?"

"சோளம்," என்றாள். "எல்லா இடமும் சோளம்."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு விளையாடினான். திருத்தக் கொடுத்த போன்கள் மேசையில் குவிந்தன. தனக்குள் ஒரு கேவலமான விசயத்தையும் கண்டுகொண்டான். அந்த விளையாட்டு அவனுக்குப் பிடித்துப்போனது. தீவில் மழை பெய்கிற நாட்களில், தண்ணீர் இறைக்கத் தேவையில்லை என்று அவனுக்குச் சந்தோசம் வந்தது. மக்டா கன்று போட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டான். செத்த பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொண்டு இருந்து சிரிக்கிறேனே என்று உடனே கூசினான். கடைசியில், கையில் கொஞ்சம் பூ விதை மிஞ்சிக் கிடந்தது. இலையுதிர் காலம் வரப் பொழுது போகவேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசையாக நட்டுவிட்டான்.

அவன் மனைவி கிறிஸ்ரினா ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது பாதிக் கதவால் குனிந்து உள்ளே வந்தாள். அவன் கையில் இருந்த கேமைக் கண்டாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவன் மறைக்கவில்லை; நடந்ததைச் சொன்னான். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"என்னண்டு சொல்லுறது? எனக்குத் தெரியாமல் கை வைச்சிட்டன் எண்டோ? சனம் என்ன நினைக்கும்?"

"நீங்கள் கடலிலை சத்தி எடுத்ததுக்கு ஆரும் உங்களைக் கேவலமா நினைக்கேல்லையப்பா. நீங்கள்தான் இன்னும் நினைச்சுக்கொண்டு திரியிறியள். அதாலைதான் இந்தக் கூத்தெல்லாம்."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கசெற்றைத் திருப்பிக் கொடுத்த நாளில் றொசாந்தி கடையிலேயே போட்டுப் பார்த்தாள். LUXAN. கட்டில். தொப்பிப் பையன் எழும்பி நின்றான். சுவரில் மூன்றாம் வருசம், இலையுதிர் காலம். அவள் அந்தக் கேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று அழுதாள். காசு நீட்டினாள், அவன் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. வாங்காததும் ஒரு நல்லபெயராகப் போய்ச் சேர்ந்தது.

"இனி அவனை நடக்க விட்டும் பாக்கலாமோ அண்ணை?"

"ஓம். படுக்க வைக்காட்டி ஒண்டும் மாறாது. பற்றறியும் இனிக் கனகாலம் நிக்கும். பயமில்லாமல் போட்டுப் பாருங்கோ." அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பயமில்லாமல் போட்டுப் பார்த்தது மக்டலீன்தான். முன்னம் வருசத்துக்கு ஒருக்கா என்று இருந்தது, இப்போது ஒவ்வொரு நாளுமாகியது. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மகள் காட்டிக்கொடுத்த மாதிரிப் பட்டனை அமத்தி மகனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாளாம். "என்னடா ராசா, வெயிலுக்கை நிக்கிறாய்" என்று கதைப்பாளாம். மீன் சந்தையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். மீன் வாங்கப்போன கிறிஸ்ரினா இதைக் கேட்டுக்கொண்டு வந்து அவனுக்கு ஒப்பித்துவிட்டு, மீன்பையைக் குசினியில் வைத்துவிட்டுப் போனாள். கடைக்கு வந்தவர்களும், "செத்த பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்த கை" என்று பகிடியும் மரியாதையுமாகச் சொன்னார்கள். தமையன்கூட ஒருநாள் கடை வாசலில் நின்று, "அப்பா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்" என்றான். வாழ்நாள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட சொல். அதைக் கேட்டபோது அவனுக்கு உள்ளே ஓடி ஒளிக்கவேண்டும் போல இருந்தது.

செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றான். தன் முறை கிட்ட வர, ஏதோ மறந்துவிட்ட ஆள் மாதிரிப் பொக்கற்றைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சுவாமி என்ன சொல்லுவார் என்று அவனுக்குத் தெரியும். போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு என்பார்.

பிறகு மக்டலீன் தானே கடைக்கு வந்தாள். முழங்கால் நோவோடு, நடந்து.

"தம்பி, உனக்கு ஒரு விசயம் காட்டவேணும்." கேமைத் துவாயிலிருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டனை ஒவ்வொன்றாக அமத்தி அந்தப் பையனை வீட்டுக்குப் பின்பக்கம் நடத்திக்கொண்டு போனாள். "பாத்தியோ? பூ. எல்லா இடமும் சோளம், இந்த ஒரு இடத்திலை மட்டும் பூ. றொசாந்திக்கும் உது தெரியாது. நான் வீட்டைச் சுத்திப் பூ நடுற ஆள் எண்டு அவனுக்குத் தெரியும் எல்லோ. எனக்கெண்டு நட்டு வைச்சிட்டுத்தான் என்ரை பிள்ளை போயிருக்கிறான்."

கனிசியஸ் திரையில் இருந்த அந்த ஒரு வரிசையைப் பார்த்தான்.

"இவ்வளவு காலமும் எனக்கு ஒரு குறை, தம்பி. சாகேக்கை அவன் என்னட்டை ஒண்டும் கதைக்கேல்லை. காய்ச்சலிலை பிரண்டுகொண்டு கிடந்தவன். இப்ப அந்தக் குறை போட்டுது." அவள் கேமைச் சுற்றி வைத்தாள். "இந்தமுறை திவசத்துக்கு நன்றிப் பூசை குடுக்கிறன். காணிக்கை கொண்டுபோகேக்கை இந்தக் கேமை நீதான் பீடத்துக்குக் கொண்டுபோகவேணும். சுவாமியிட்டையும் சொல்லிப்போட்டன்."

அவள் போன பிறகு கடையைப் பூட்டினான். நேரே முன்பள்ளிக்கு நடந்தான். பிள்ளைகள் போய்விட்டார்கள். றொசாந்தி சின்னக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சிரித்தாள். "வாங்கோ அண்ணை. அம்மா வந்து காட்டினவவோ?"

"தங்கச்சி, அந்தக் கசெற்றிலை இருக்கிறது லக்சன்ரை இல்லை."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"பற்றறியைக் கழட்டின உடனை எல்லாம் அழிஞ்சு போட்டுது. உங்கடை மாமா சொன்னது சரி. நெற்றிலை பாக்கச் சொல்லி நீரும் சொன்னனீர். நான்தான் கேக்கேல்லை. பிறகு உமக்குச் சொல்ல வெக்கப்பட்டு, முதலிலை இருந்து நானே விளையாடி, அது மாதிரியே செய்து தந்தனான்."

கையில் இருந்த கதிரையை அவள் மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த வீடு?"

"நான் கட்டினது."

"ஜிம்மி?"

"நான் வைச்ச பேர்."

"அம்மான்ரை பூ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "விதை மிஞ்சிக் கிடந்தது. சும்மா நட்டனான்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்து வந்திருந்தான். அவள் அந்தச் சின்னக் கதிரை ஒன்றில் இருந்தாள். முழங்கால்கள் நெஞ்சுக்கு முட்ட, ஒரு பிள்ளையைப் போல இருந்தாள்.

"கூழ் கொண்டந்த அண்டைக்கு என்னை இருத்தி வைச்சுக் கேட்டனீங்கள். அவன் எப்பிடி விளையாடுவான், என்ன நட்டவன் எண்டு. அது இதுக்குத்தானோ?"

"ஓம்."

"அவனைப் பற்றி ஒருத்தரும் எங்களைக் கேக்கிறேல்லை அண்ணை. கேட்டா நாங்கள் அழுவம் எண்டு சனம் கேக்காது. நீங்கள் கேட்டனீங்கள். வீட்டை போய் அம்மாவுக்குச் சொன்னனான், கனிசியஸ் அண்ணைக்கு எவ்வளவு நல்ல மனம் எண்டு."

அவள் பக்கத்துக் கதிரையை நேராக்கி வைத்தாள்.

"அழிஞ்சு போச்சு எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பன். ஏசியிருப்பன். அதோடை முடிஞ்சிருக்கும். இப்ப அம்மா ஒவ்வொரு நாளும் உங்களோடை எல்லோ கதைச்சுக்கொண்டிருக்கிறா."

"அம்மாவிட்டையும் நானே வந்து சொல்லுறன்."

"வேண்டாம்." குரல் உயரவில்லை, ஆனால் வகுப்புப் பிள்ளைகளை அடக்குகிற இறுக்கம் அதில் இருந்தது. "சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கும். அவவுக்கு? லக்சன் ரெண்டாந்தரமும் சாவான். அவன் செத்த அண்டைக்கு ஒருக்கால் நாங்கள் பட்டது காணும்."

"அப்ப நான் என்ன செய்ய, தங்கச்சி?"

"பூசைக்கு வாங்கோ. அம்மா சொன்ன மாதிரிக் கொண்டு போங்கோ. நீங்கள் வராட்டி ஏன் எண்டு என்னைக் கேப்பா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

அவள் எழும்பி மிச்சக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினாள். அவன் உதவிக்கு ஒரு கதிரையைத் தூக்கினான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கித் தானே வைத்தாள்.

நன்றிப் பூசையன்று கனிசியஸ் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனான். காணிக்கை ஊர்வலத்தில் ஒருத்தி மெழுகுதிரி கொண்டுபோனாள், இன்னொருத்தி பூத்தட்டுக் கொண்டுபோனாள், இவன் வெள்ளைத் துவாயில் வைத்த கேமைக் கொண்டுபோனான். நிலம் வள்ளம் போல ஆடுவதாகப் பட்டது. இரண்டு பக்கமும் நீள வாங்குகளில் அமர்ந்திருந்த தெரிந்த முகங்கள். அன்போடு பார்த்தார்கள். ஒருவராவது வெறுப்போடு பார்த்தால் கால் உறுதியாக நிற்கும் என்று நினைத்தான். பூசைக்குப் பிறகு கோவில் வளவில் மக்டலீன் அவன் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தாள். றொசாந்தி வந்திருந்த எல்லாருக்கும் கேக்கும் சோடாவும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கும் கொடுத்தாள். நன்றி என்றான். அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு மாற்றம் வந்தது. யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்தால், "கை வைக்க முதல் பாக்கவேணும், எனக்கு உது வடிவாத் தெரியாது" என்று சொல்லப் பழகிக்கொண்டான். முதல் சில தரம் அந்தச் சொல் வாயில் கல்லுப் போல உருண்டது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டான். ஆனால் அதனால் மனம் இலேசாகவில்லை. இலேசாகும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

மக்டலீனைச் சந்திப்பதுதான் பெரிய பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வாசலுக்கு வரும்போது அவள் காத்திருந்து கையைப் பிடித்துக்கொள்வாள். தீவில் இன்றும் ஒரே வெயில், ஜிம்மி வேலியோரம் களைச்சுப்போய் நின்றது, அவனைத் தண்ணி வைக்கச் சொல்லு என்று எதையாவது சொல்லுவாள். அவன் தலையாட்டுவான். தாங்கமுடியாமல் போகவே, குடும்பத்தை வழக்கமான பூசைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் விடியப்புறத்து முதல் பூசைக்குப் போகத் தொடங்கினான். வயதானவர்களும் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாதவர்களும்தான் அதற்கு வருவார்கள். பின் வாங்கில் ஒரு மூலையில் இருந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவான். சில கிழமைகள் நிம்மதியாகப் போயின.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது வாங்கின் மறுபக்கம் கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. மக்டலீன், ஒரு கையில் ஊன்றுகோல், மறுகை மகளின் தோளில். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீ உந்தப் பூசைக்குத்தான் வாறாய் எண்டு கிறிஸ்ரினா சொன்னவ," என்று காதோடு சொன்னாள். "அப்ப நாங்களும் இனி உதுக்கே வருவம் எண்டு சொல்லிப்போட்டன். உனக்குப் பக்கத்திலை இருந்தா எனக்கு லக்சனோடை இருக்கிற மாதிரி."

அவள் அவனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தாள். பூசை நடந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தபோது மக்டலீன் அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, "சமாதானம் மோனே" என்றாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, அவளும் சொல்லட்டும் என்று கொஞ்சம் பின்னால் சாய்ந்து வழிவிட்டாள்.

றொசாந்தி கைகளைக் கூப்பினாள். அவள் கண்கள் தாயின் தோளில் நின்றன; அதைத் தாண்டி வரவில்லை.

"சமாதானம்," என்றாள்.

கனிசியஸும் கைகூப்பினான்.